டபேதார் எனக்கு முன்னால் நடக்கவில்லை

வாலாஜாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் உள்ள ஜனங்களில் நடக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்கள் எல்லாம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அவருக்கு டபேதார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும்; சம்பளம் போடுகிறவருக்கு அது தெரிந்திருக்கலாம். நான் விசாரித்ததில்லை. எனக்கு அவர் மேல் இருந்த பொறாமைக்கு டபேதார் என்கிற ஒரு பெயரே ஜாஸ்தி.

சாதாரணப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் வயிற்றில் ஒரு புகைச்சல் வரும். அவர் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்ததும் அடங்கிவிடும். இது அந்த வகை இல்லை. சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டிலிருந்து காலையில் என்னோடு பஸ் ஏறி, சாயங்காலம் என்னோடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காத பொறாமை.

அவர் வேலைக்குச் சேர்ந்த கதையை முதலாளியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆபீஸ் பாய் ஒருவர் வேண்டும் என்று நாலு இடத்தில் சொல்லி வைத்திருந்தாராம். முறுக்கிய மீசையும் ஐம்பது வயதுமாக, பேரணாம்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் வந்து நின்றார்.

"ஆபீஸ் பாய் வேலை. தெரியுமில்ல?"

"வேலையெல்லாம் செய்றேன் பாய். அந்தப் பேரு மட்டும் வேணாம். இந்தக் கம்பெனிக்குப் பாய் நீங்க ஒருத்தரு போதும். நான் டபேதாரு."

முதலாளி சிரித்த சிரிப்பில் வேலை உறுதியாகிவிட்டது.

டபேதாரை நீங்கள் கோர்ட்டிலோ கலெக்டர் ஆபீஸிலோ பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து குறுக்கே சிவப்புப் பட்டை, மார்பில் பித்தளை வில்லை. நீதிபதியோ கலெக்டரோ அறையைவிட்டு வெளியே வந்தால், அவருக்கு நாலடி முன்னால் நடந்து, "ஷ்ஷ்" என்று சத்தம் கொடுத்துக் கூட்டத்தை ஒதுக்குவார். எங்களவருடைய அப்பா அப்படி ஒரு கலெக்டருக்கு டபேதாராக இருந்தாராம். எந்தக் கலெக்டருக்கு என்று கேட்டால், "வந்த எல்லாருக்கும்" என்பார்.

பட்டைக்காக எங்களவர் அரசாங்கத்தை எதிர்பார்க்கவில்லை. ஜெர்மனிக்குப் போன லேடீஸ் பூட்ஸ் ஆர்டரில் மிஞ்சிய சிவப்புத் தோலைச் சாம்பிள் ரூமில் கேட்டு வாங்கினார். உள்ளே லைனிங் கொடுத்து, ஓரம் மடித்துத் தைத்து, அதே பூட்ஸின் பித்தளை பக்கிளை நெஞ்சுக்கு நேரே பொருத்திக்கொண்டார். எந்தக் கலெக்டரின் டபேதாருக்கும் எக்ஸ்போர்ட் குவாலிட்டியில் பட்டை கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு அவர் டீ கொண்டுவந்து வைத்தால் நமக்கு எழுந்து நிற்கத் தோன்றும். நான் ஒரு தடவை எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் ஜன்னலைச் சாத்தப் போகிறவன் மாதிரி நாலு எட்டு வைத்துச் சமாளித்தேன். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

"டபேதாருன்னா இன்னான்னு நினைச்சீங்க சார்? சும்மா டீ குடுக்கற ஆளுன்னா? குதிரைப் படையில பதவி சார் அது. பாரசீக வார்த்தை. பத்து குதிரைக்கு ஒரு டபேதாரு."

இது அவர் வந்த புதிதில் என்னிடம் சொன்னது. ராணிப்பேட்டையிலிருந்து கெமிக்கல் கொண்டுவருகிறவரிடம் சொன்னபோது அது இருபது குதிரையாகியிருந்தது. இத்தாலிக்காரர் ஒருவர் வந்திருந்தபோது ஐம்பது. கேட் வாட்ச்மேனிடம் நூறைத் தொட்டுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போன மாசம் ஐம்பதுன்னீங்களே டபேதாரே?"

"குட்டி போட்டிருக்கும் சார்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அந்த இத்தாலிக்காரர் வந்த அன்றைக்குத்தான் அவருடைய நடை முதன்முதலாக வெளியே தெரிந்தது. சாப்பாட்டு மணி அடித்து, ஸ்டிச்சிங் பிரிவுப் பெண்கள் டிபன் பாக்ஸோடு வெள்ளமாக வெளியே வரும் நேரம். முதலாளியும் விருந்தாளியும் வராந்தாவில் மாட்டிக்கொண்டார்கள். கையிலிருந்த டீ தட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டு டபேதார் முன்னால் போனார். "ஷ்ஷ்... வழி!" அவ்வளவுதான். கூட்டம் திரைச்சீலை மாதிரி இரண்டாக ஒதுங்கியது. அவர் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. தலை இம்மியும் திரும்பவில்லை. விருந்தாளி ஒரு மெஷினைப் பார்க்க நின்றால் இவரும் நின்றார். அவர் நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். பின்னால் இருக்கும் காலடிச் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்தது. அந்த இத்தாலிக்காரர், குட்டையான வழுக்கைத் தலை மனிதர், வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராஜா மாதிரி இருந்தார். அடுத்த தடவை வருவதற்கு முன்னால், விலையைக்கூடக் கேட்காமல், சிவப்புப் பட்டைக்காரர் இருப்பாரா என்று கேட்டு மெயில் அனுப்பினார். நான்தான் பதில் போட்டேன். ஏற்றுமதிக்கான காகிதங்கள் தயார் செய்கிற பிரிவு என்னுடையது. கம்பெனியில் எனக்கு டாக்குமெண்ட் சார் என்று பெயர்.

அன்றிலிருந்து பிடித்தது எனக்கு. ஒரே ஒரு தடவை டபேதார் எனக்கு முன்னால் நடக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் அவர் யாருக்கு நடப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. முதலாளிக்கு நடப்பார், விருந்தாளிகளுக்கு நடப்பார், சரி. ஸ்டிச்சிங்கில் வேலை செய்த கஸ்தூரி நிறைமாதமாக லீவில் போனபோது, அவளுடைய மெஷினிலிருந்து பஸ் வரைக்கும் முன்னால் நடந்தார். அந்தப் பெண் வெட்கத்தில் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டது. ஆபரேஷன் முடிந்து திரும்பிய கேண்டீன் சமையல்காரருக்கு நடந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் வாய்விட்டே கேட்டுப் பார்த்தார்.

"இன்னா டபேதாரே, நமக்கெல்லாம் கிடையாதா?"

"கேட்டு வாங்கறது டீ சார். இது வேற."

அதனால் நான் கேட்கவில்லை. வேறு வழிகளில் முயன்றேன். அவர் வராந்தாவில் கிளம்பும் நேரம் பார்த்து நானும் பின்னால் கிளம்புவேன். தற்செயலாகவாவது நடந்துவிடட்டுமே என்று. அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, "நீங்க போங்க சார்" என்பார். நான் மேனேஜராகப் பதவி உயர்ந்த அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கடிதம் வாங்க முதலாளி அறைக்குக் கிளம்பினேன். டபேதார் என்னைப் பார்த்தார். எழுந்தார். பட்டையை நேராக்கினார். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். "ஷ்ஷ்... வழி!" என்று குரல் கொடுத்து, எனக்குப் பின்னால் தோளில் கேனோடு வந்துகொண்டிருந்த தண்ணீர்க்காரருக்கு முன்னால் நடந்து போனார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டேன்.

அவருக்கு ஒரு சறுக்கல் வராதா என்று காத்திருந்தேன். வந்தது. முதலாளியின் தம்பி மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலமாக மண்டபத்துக்கு வருகிறார். குதிரைக்கு முன்னால் டபேதார் நடக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். நூறு குதிரைக்குத் தலைவரும் ஒரு குதிரையும் சந்திக்கப்போகிறார்கள். நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து முன்கூட்டியே போய் நின்றுகொண்டேன்.

குதிரையைக் கண்டதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா டபேதாரே, பயமா?"

"பயம் இன்னாத்துக்கு சார்? நம்ம வகையறாதானே" என்றார். குரல் மட்டும் ரொம்பக் கம்மியாக வந்தது.

பேண்டு கிளம்பியது. குதிரைக்கு அந்தப் பட்டையில் என்ன வாசனை பிடித்ததோ, கொஞ்ச தூரம் போவதற்குள் மூக்கை நீட்டி அவர் முதுகில் வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. டபேதார் திரும்பக் கூடாது என்பது அவருடைய சட்டம். திரும்பவில்லை. நடையை எட்டிப் போட்டார். குதிரையும் எட்டிப் போட்டது. இவர் இன்னும் எட்டிப் போட, அதுவும் இன்னும் எட்டிப் போட, பேண்டுக்காரர்கள் ஊதுவதும் ஓடுவதுமாக வந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை மூடியிருந்த பூச்சரம் பின்பக்கமாகப் பறந்தது. பெரியவர்கள் பாதி வழியில் ஆட்டோ பிடித்தார்கள். ஊர்வலம் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் வரவேற்க ஆளில்லை. சமையல்காரப் பண்டாரி பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து தம்மைக்கூட உடைத்திருக்கவில்லை.

ஒழிந்தார் என்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஆம்பூர் முழுக்க ஒரே பேச்சு. இந்த ஊரில் மாப்பிள்ளை நேரத்துக்கு முன்னால் வந்த கல்யாணம் இது ஒன்றுதானாம். எல்லாம் டபேதார் புண்ணியமாம். அடுத்தடுத்த கல்யாணக்காரர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்து கேட்டார்கள்.

பிறகு வீடியோக்கள் கிளம்பின. பேக்கிங் பிரிவுப் பிள்ளைகள் அவர் நடையைச் செல்போனில் எடுத்து, பாட்டு சேர்த்துப் போட்டார்கள். அது எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பு வரைக்கும் வந்துவிட்டது. என் மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இது உங்க கம்பெனியா? இன்னா கம்பீரமா நடக்கறாரு! உங்களை எங்கயும் காணோமே?"

"நல்லாப் பாரு. இருப்பேன்."

நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "ஆமா, இதோ. தண்ணி ஃபில்டர் கிட்ட. ஏன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க?"

இன்னொரு வீடியோவைப் போட்டாள். அதிலும் ஓரத்தில் நான். டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல். எல்லா வீடியோவிலும் எங்கோ ஒரு ஓரத்தில் நான் நின்றேன். "அவரைப் பாக்கறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்களா உங்களுக்கு?" என்றாள்.

இனி பொறுப்பதற்கில்லை என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வேலூரில் லைப்ரரிக்குப் போனேன். மனிதரை அசைக்க முடியாது, அவருடைய வார்த்தையையாவது கவிழ்த்துவிடலாம் என்று திட்டம். டபேதார் என்றால் விளக்குத் துடைப்பவன், செருப்புக்குக் காவல் நிற்பவன் என்று எங்காவது போட்டிருக்காதா? தடித்தடி அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூசியில் தும்மல் வந்ததுதான் மிச்சம். பாரசீக வழி வந்த சொல். குதிரைப் படையில் ஒரு சிறு பிரிவுக்குத் தலைவன் என்று போட்டிருந்தது.

விடவில்லை. பியூன் என்ற சொல்லைப் பார்த்தேன். போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது, காலாள், நடந்து போய்ச் சண்டை போடுகிறவன். சேவகன் என்பதைப் பார்த்தேன். பழைய தமிழில் அதற்கு வீரன் என்று பொருளாம். ஏவல் செய்கிறவனுக்கு வழங்கும் எந்தச் சொல்லைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு போர்வீரன் எழுந்து வந்தான். சண்டைகள் ஓய்ந்த பிறகு குதிரையைப் பிடுங்கிக்கொண்டு, பட்டையை மட்டும் விட்டுவைத்து, அவர்களை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கடைசியில் எனக்கு ஆகாத புத்தி, என் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம் என்று குமாஸ்தா என்ற சொல்லைத் தேடினேன். அதுவும் பாரசீகம்தான். வேலைக்கு அமர்த்தப்பட்டவன் என்று இருந்தது. குதிரை இல்லை, கத்தி இல்லை, ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் டீ வைக்கும்போது டபேதார் விசாரித்தார்.

"நேத்து காணோமே சார். ஒடம்பு சரியில்லியா?"

"லைப்ரரிக்குப் போனேன்."

"ஆபீஸ் வேலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். வயிற்றெரிச்சலில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இல்ல. டபேதாருன்னா இன்னான்னு பாக்கப் போனேன். குதிரைப் படையில பதவிதானாம். போட்டிருக்கான்."

டபேதார் கையில் இருந்த தட்டு நின்றுவிட்டது.

"நெஜமாவா சார்?"

"என்ன நெஜமாவா? நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"எங்க அப்பா சொன்னாரு சார். அவரு ஜாஸ்தியா அளப்பாரு. இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன்." தட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் பட்டையை நேராக்கினார். "புஸ்தகத்துலயே போட்டிருக்கானா... எத்தினி குதிரைன்னு போட்டிருந்துச்சா சார்?"

"அது போடல."

"பரவால்ல" என்றார். நான் எடுத்துக்கொண்டு போன கத்தியை அவருக்கே கிரீடமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது.

போன பொங்கலுக்கு முன்னால், முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காவேரிப்பாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதாக டபேதார் சொன்னார். கடைசி நாள் மதியம் எல்லாருக்கும் பிரியாணி, கத்தரிக்காய், இனிப்புக்கு மக்கன் பேடா. முதலாளி மாலை போட்டார். கேட்டுக்கு உள்ளே ஓரமாக, டபேதாருக்காக முதலாளியின் கார் நின்றது. ஏறி உட்கார்ந்தால் போதும். ஆனால் டபேதார் உள்ளே எல்லாப் பிரிவு வழியாகவும் நடந்துதான் போவேன் என்றார்.

"அப்படின்னா இன்னைக்கு நீங்க பின்னாடி வாங்க டபேதாரே. முன்னாடி நான் நடக்கறேன்" என்றார் முதலாளி.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் பாதி தின்ற பேடாவைக் கீழே வைத்தேன். போகிற நாளிலும் பாருங்கள், முதலாளியே முன்னால் நடக்கிறார்!

டபேதார் தலையை ஆட்டினார். "வேணாம் பாய். தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குப் பழக்கம் இல்ல, திரும்பித் திரும்பிப் பாப்பீங்க." கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். "டாக்குமெண்ட் சாரு வரட்டும்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னை முன்னால் தள்ளினார்.

"நானா? எனக்கு இன்னா தெரியும் டபேதாரே?"

"இந்தக் கம்பெனியில உங்களுக்குத்தான் சார் தெரியும். எந்த வீடியோவைப் பாத்தாலும் ஓரத்துல நீங்க நிக்கிறீங்க. டீ ஆறிப்போறதுகூடத் தெரியாம. நான் குடுத்த டீயைச் சூடாக் குடிக்காத ஆளு நீங்க ஒருத்தருதான். எனக்காக லைப்ரரிக்குப் போனதும் நீங்க ஒருத்தருதான்."

இத்தனை வருஷத்து எரிச்சல் வெளியே வந்துவிட்டது. அத்தனை பேர் எதிரிலும் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

"அப்புறம் ஏன் ஒரு தடவைகூட எனக்கு முன்னாடி நடக்கல?"

"நடந்திருந்தா என் முதுகைத்தானே சார் பாத்திருப்பீங்க?" என்றார். "அப்புறம் என் நடையை யாரு பாக்கறது?"

போய் முன்னால் நின்றேன். சத்தம் கொடுக்க வேண்டுமே. கொடுத்தேன். பஞ்சரான டியூபிலிருந்து வருவதுபோல வந்தது. ஸ்டிச்சிங் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "வயித்துலருந்து சார்." இரண்டாவது தடவை வயிற்றிலிருந்து வந்தது. வழி ஒதுங்கியது.

நடந்தேன். பின்னால் ஒரு கால் அழுத்தமாக ஊன்றும் சத்தமும் இன்னொரு கால் கொஞ்சம் இழுபடும் சத்தமும் கேட்டன. அது நின்றால் நின்றேன். அது நகர்ந்தால் நகர்ந்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை; எல்லார் கண்ணும் என் தோளுக்கு மேலாகப் பின்னால் போயிற்று. சிரித்துக்கொண்டிருந்த கஸ்தூரி திடீரென்று தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் அவர் முகத்தில் என்னவோ நடக்கிறது. என்னவென்று பார்க்க எனக்குக் கழுத்து தவித்தது.

கேட்டுக்கு வந்ததும் நின்றோம்.

"திரும்பட்டுமா டபேதாரே?"

பதில், அன்றைக்குக் குதிரைக்கு முன்னால் வந்த குரலைவிடக் கம்மியாக வந்தது.

"வேணாம் சார். டபேதாரு திரும்பக் கூடாது."

நான் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி ரோட்டில் இறங்கி, சென்னைப் பக்கம் போகும் லாரிகளோடு சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லையாம். கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவர் முகத்தைப் பார்த்தார். தண்ணீர்க் கேன்காரர் பார்த்தார். கஸ்தூரி பார்த்தாள், முதலாளி பார்த்தார், கம்பெனியே பார்த்தது. நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. அவர்கள் அத்தனை பேர் மேலும் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.